பவுனுக்குப் பால் இறங்கிய நாள்

போன மாதம் பழைய வேலைத்தளத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போனது அதுதான் முதல் தடவை. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியசாலை. அதன் சத்திரசிகிச்சைக் கூடத்தில் உதவியாளாக இருந்தவன் நான். நான் போன நேரம் மேசையில் ஓர் ஆட்டைப் படுக்க வைத்திருந்தார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் கௌசல்யா என்ற பெண், கத்தி கத்தரிகளை அடுக்குவதற்கு முன்னால் வலி தணிக்கும் ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ துள்ளியது.

"அண்ணே, ஒங்க காலத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கடுகண்ணாவைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததிலிருந்து வீட்டுப் படி ஏறும்வரை மனதுக்குள் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றது. வைத்தியசாலையில் கூட்டித் துடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். ஒருநாள் முரண்டு பிடித்த பசு ஒன்றை யாரும் அடக்க முடியாமல் நின்றபோது விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். அதிலிருந்து பிடிக்கிற ஆளாகிவிட்டேன். மாட்டைக் கயிறு சுற்றி நோகாமல் சரிப்பது, நாயின் வாயைத் துணியால் கட்டுவது, பூனையைத் துவாயில் சுருட்டுவது எல்லாம் கை தானாகவே கற்றுக்கொண்டது. அதிகம் பேசாதவன் என்பதால் மிருகங்களுக்கு என்னைப் பிடித்தது. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கூடத்துக்குத் தலைவர் ஒரு சிங்கள டொக்டர். நாங்கள் எல்லோரும் பெரிய சேர் என்றுதான் சொல்வோம். அவர் கை கழுவுவதை நின்று பார்க்கலாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பைக்குள் போடுவார். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று எந்த நாளும் ஒரே வரிசை. இடையில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார். வயிற்றுக்குள் வைத்த பஞ்சுத் துணிகளை வெளியே எடுக்கும்போது மட்டும் "எகாய், தெகாய், துனாய்" என்று சத்தமாக எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால் "ஹரி" என்பார், சிங்களத்தில் சரி என்று. அவர் பாராட்டும் அதுதான், விடை கொடுப்பதும் அதுதான். தையல் போட்டால் அம்மா பிள்ளைக்குச் சட்டை தைத்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் வலி மருந்து விஷயத்தில் மட்டும் இறுக்கமாக இருந்தார். வெட்டும்போது மயக்கமோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் விறைப்பு ஊசியோ உண்டு. அது தெளிந்த பிறகு மிருகம் தானே சமாளித்துக்கொள்ள வேண்டும். மோர்பின் வகை மருந்துகள் இரட்டைப் பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. ஒரு திறப்பு அவரிடம், மற்றது அன்று கூடத்தில் நிற்கும் டொக்டரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும். அவருடைய திறப்பு அநேகமாக அவர் இடுப்பை விட்டு இறங்காது.

"வலி இருந்தா மாடு படுத்திருக்கும், தையல் பிரியாது" என்பார். அது பழைய காலத்து நியாயம். இன்னொரு நியாயமும் வைத்திருந்தார். அந்த மருந்துகள் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், உடம்பின் சுரப்புகளான ஓமோன்களின் ஒழுங்கைக் குழப்பும், தாய் மிருகத்துக்குப் பாலை மறிக்கும். இது பொய்யில்லை. அதனால்தான் அவரோடு யாராலும் வாதாட முடியவில்லை.

பிறகு டொக்டர் நிர்மலா வந்தார்.

யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்த உருவம், வேகமான நடை. வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு ஆச்சரியம். சத்திரசிகிச்சை முடிந்தால் மற்ற டொக்டர்மார் தேநீர் குடிக்கப் போவார்கள். இவர் தேநீரை வாங்கிக்கொண்டு வந்து கூட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கதிரை கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேண்டாம் முருகையா, மேல இருந்து பாத்தா முகம் தெரியாது" என்றார்.

அந்தச் சமயம் கடுகண்ணாவைத் தேநீர்க்கடைக்காரர் ஒருவரின் கறுப்பு நாய், நோயுற்ற மிருகங்களை வைத்திருக்கும் விடுதியில் கிடந்தது. ரயிலில் அடிபட்டுப் பின்னங்காலை எடுத்திருந்தோம். தையல் பெரிய சேர் போட்டது. குறை சொல்ல முடியாது. நோய்க்கிருமிக்கு ஊசியும் நேரத்துக்குப் போனது. இருந்தும் புண் பழுத்தது. நாய் குரைக்கவில்லை, முனகவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நல்ல சாது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

டொக்டர் நிர்மலா புண்ணைத் தொடாமல் அதற்கு ஒரு சாண் தள்ளி விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். நாயின் கண்மணி விரிந்தது.

"சாது இல்லை. வலியில விறைச்சுப் போய்க் கிடக்குது" என்றார். "முருகையா, பெரஹரா ஊர்வலத்தில ஒரு யானை மிரண்டா என்ன நடக்கும்?"

"சனம் ஓடும் டொக்டர்."

"கடைக்காரர்?"

"கடையப் போட்டுட்டு அவங்களும் ஓடுவாங்க."

"அதுதான். வலி எண்டால் உடம்புக்கு யானை மிரண்ட மாதிரி. உடனே கோர்ட்டிசோல் எண்டு ஒரு ஓமோன் கூடும். கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது, ஓடித் தப்ப உதவும். நாள்கணக்கா அப்பிடியே நிண்டா, கிருமியோட சண்டை பிடிக்கிற அணுக்கள் எல்லாம் வேலையை விட்டிட்டுப் போயிடும். புண் எப்பிடி ஆறும்?"

"அப்ப பெரிய சேர் சொல்றது?"

"அதுவும் சரிதான். இந்த மருந்தும் அந்த அணுக்களைக் கொஞ்சம் தூங்கப் பண்ணும். எல்லா மருந்தும் ஒரே அளவுக்கு இல்லை. சிலது கூட, சிலது குறைய. வலியும் கெடுக்கும், மருந்தும் கெடுக்கும். எது குறைவாக் கெடுக்கும் எண்டு பாக்கிறதுதான் எங்கட வேலை."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாயின் வலிக்கும் அதன் புண்ணில் வரும் சீழுக்கும் நடுவில் இப்படி ஒரு பாதை போகிறதா! இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன்.

அந்த நாய்க்கு வேறு வலி மருந்து, மோர்பின் வகை அல்லாதது, கொடுத்துக் கொடுத்து ஒருவழியாகத் தேற்றினார். அதன் பிறகு பெரிய சேர் நாய்களுக்கும் மாடுகளுக்கும் சில தடவை திறப்பைக் கொடுத்தார். தாய் மிருகத்துக்கு மட்டும் மாட்டேன் என்றார். இப்படி இருக்கும்போதுதான் பவுனு வந்தது.

பவுனு ஒரு வெள்ளாடு. என் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாக்கியம் அக்கா அதை முச்சக்கர வண்டியில் மடியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். குட்டி ஈன முடியாமல் முந்தின நாளிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"தம்பி, நம்மூரு ஆளா நீ? நல்லதாப் போச்சு. வீட்டுல எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான். மகன் கொழும்புல, மக கல்யாணங் கட்டிப் போயிட்டா. இவளக் காப்பாத்திக் குடுங்கப்பா!"

டொக்டர் நிர்மலா கையை விட்டுப் பார்த்தார். குட்டி குறுக்கே கிடந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார். அன்று கத்தி அவருடையது, பெரிய சேர் பக்கத்து மேசையில். டொக்டர் நேரே அவரிடம் போய் நின்றார்.

"சேர், குட்டியள் வெளிய வந்த பிறகு தாய்க்கு அந்த மருந்து குடுக்கப் போறன். சின்ன அளவு. திறப்பு வேணும்."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை முடித்துத்தான் திரும்பினார். "பால் வராட்டி? குட்டி பிறக்கிறப்போ அதுக்கு எதிர்ப்புச் சக்தி ஒண்ணும் இல்ல. முதல் பாலிலதான் எல்லாம் இருக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சேர். மூளையில இருந்து பாலை இறக்கிற ஓமோனை மருந்து மறிக்கலாம். ஆனா வலியும் அதையே மறிக்கும். நோகிற தாய் குட்டியை முகர்ந்துகூடப் பாக்காது."

பெரிய சேர் முழங்கையால் குழாயை மூடினார். பிறகு ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "முருகா, இடுப்பில இருக்கு, எடு" என்றார். நான் திறப்பைக் கழற்றும்போது டொக்டரிடம் சொன்னார்: "பால் வந்தா சரி. வராட்டி இனிமே தாய் மிருகத்துக்கு இந்தத் திறப்பைக் கேக்காதே. நான் இருக்கிற வரைக்கும்."

அது சும்மா சொன்ன பேச்சில்லை. எங்கள் கூடத்தில் அவர் வாயிலிருந்து வந்தால் அதுதான் சட்டம்.

பவுனுவின் இடது விலாவுக்குக் கீழே மயிர் மழித்து, விறைப்பு ஊசியை வரிசையாகப் போட்டார் டொக்டர். ஆட்டுக்கு அந்த ஊசி கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வரும் என்பதால் மருந்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குத்துக்கும் நின்று பார்த்துப் போட்டார். நான் தலைமாட்டில் இருந்தேன். கொம்பைப் பிடிக்கவில்லை, காதடியைத்தான் பிடித்திருந்தேன். கீறினார். தோல், அதன் கீழே சதை, அதன் கீழே ஒரு மெல்லிய திரை. கருப்பை வெளியே வந்தபோது நனைந்த தலையணை மாதிரி இருந்தது. முதல் குட்டி வெள்ளை. இரண்டாவது செம்மண் நிறம், பாதி உயிர். வாயைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்து, வைக்கோலால் பரபரவென்று தேய்த்தேன். தும்மியது! அந்தத் தும்மலுக்கு நான் சிரித்த சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டிருக்கும்.

குட்டிகள் வெளியே வந்த பிறகுதான் வலி ஊசி போனது. தையல் பாதியில் இருந்தபோது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது பவுனு. ஆட்டுக்கு வலி என்றால் அப்படித்தான் கடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் நின்றது. காது தளர்ந்தது. தையல் முடிந்ததும் டொக்டர் அதன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து, "கடிக்கேல்ல" என்றார்.

விடுதியில் ஒரு மூலையில் பவுனுவைப் போட்டு, குட்டிகளைச் சாக்கு விரித்த பெட்டியில் விளக்கு வெளிச்சத்தின் கீழ் வைத்தோம். தாய் எழுந்து நின்றதும் குட்டிகளை மடியில் விட வேண்டும் என்று ஏற்பாடு. பாக்கியம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குள் அவசரமாக ஒரு பசு வந்துவிட, டொக்டரும் நானும் ஓடினோம்.

பசுவை முடித்துக்கொண்டு திரும்பியபோது பவுனு எழுந்து நின்றது. கண் தெளிவாக இருந்தது. அக்காவைக் காணவில்லை. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஓடிப்போய் வெள்ளைக் குட்டியைத் தூக்கிக் காம்பில் வைத்தேன். முட்டியது, சப்பியது, விட்டது. மறுபடி சப்பியது. தொண்டை அசையவே இல்லை.

டொக்டர் மடியைப் பிடித்துப் பார்த்தார். வற்றிய பை மாதிரித் தளர்ந்து கிடந்தது. பீய்ச்சினார். இரண்டு சொட்டு. மற்றக் காம்பிலும் அவ்வளவுதான்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. செம்மண் நிறக் குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்து போயிருந்தது. சப்பக்கூட முயலவில்லை.

"நான்தான் மறிச்சுப் போட்டன்" என்றார் மெதுவாக. "முருகையா, பால் இறக்கிற ஊசியை எடுங்கோ. ஓடுங்கோ."

ஊசியோடு வரும்போது பெரிய சேரும் உள்ளே வந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.  ஊசி போட்டதும் திரும்ப வாங்கி இடுப்பில் மாட்டியிருந்த திறப்பை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டொக்டர் ஊசியில் மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாசம் வந்தது. ஏலக்காய் வாசம்.

வாசலில் பாக்கியம் அக்கா. கையில் துணி சுற்றிய அலுமினியச் சட்டி, ஆவி பறக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் இங்கதான் இருக்கீகளா? நல்லதாப் போச்சு! சூடு ஆறதுக்கு முன்ன எடுத்துக்குங்க. டொக்டரம்மா, மொத வாய் நீங்கதான் வைக்கணும். எம் பவுனுக்கு உசிரு குடுத்த கை!"

மூடியைத் திறந்தார். மஞ்சளாக, பாளம் பாளமாக, சீனி உருகிப் பளபளவென்று சீம்பால்!

எங்கள் பக்கத்தில் ஆடு மாடு ஈன்றால் முதல் பாலைச் சீனி போட்டு வேகவைத்துக் கட்டியாக்கி, உதவிக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டால் பெரிய குறை. நானே எத்தனை வீட்டில் வாங்கித் தின்றிருக்கிறேன். சட்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இது என்ன?" என்று பெரிய சேர் கேட்டார்.

"சீம்பாலுங்க சேர். நீங்க எல்லாம் அங்கிட்டுப் போனீகளா, இவ எந்திரிச்சு நின்னா. மடி பாறாங்கல்லு மாதிரி நிக்கிது. தொட்டேன் பாருங்க, சொர்ருன்னு வந்துச்சு! கேட்டுக்கு வெளிய கடைக்கார அண்ணங்கிட்டக் கெஞ்சி அடுப்பு வாங்கி..."

"சொர்ரெண்டு வந்ததோ?" டொக்டர் நிர்மலா சட்டிக்கு அருகே வந்தார். "எவ்வளவு? எவ்வளவு அக்கா?"

"நெறையங்க. செம்பு நெறைஞ்சு வழிஞ்சிருச்சு." அக்காவின் சிரிப்பு மெதுவாக மங்கியது. "ஏங்க, தப்பாப் போச்சா? வெட்டி எடுத்த குட்டிக்கு இந்தக் கெட்டிப்பால் ஒத்துக்காது, கழியும்னுதானே கறந்து எடுத்தேன்..."

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். அக்காவைச் சட்டியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். "சேர், பால் வந்திருக்கு! மருந்து குடுத்தும் வந்திருக்கு! சட்டியில இருக்கு சேர்!"

என் வாய் அப்போதுதான் திறந்தது. "அக்கா, குட்டிங்க இன்னும் ஒரு வாய் குடிக்கல! எல்லாத்தையும் அவிச்சிட்டியா?" அவித்தால் அதிலிருக்கும் எதிர்ப்புச் சக்தி அழிந்துவிடும் என்று டொக்டர் முன்பே சொல்லித் தந்திருந்தார்.

அக்கா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ சாமி, அதுகளுக்கு இதத்தான் குடுக்கணுமா? பாதிதான்யா அவிச்சேன். மிச்சம் மக வீட்டுக்குன்னு போத்தல்ல ஊத்தி வச்சிருக்கேன்." பைக்குள் கைவிட்டு, கடுதாசி அடைத்த சோடாப் போத்தலை எடுத்தார். கழுத்து வரைக்கும் மஞ்சள் பால்.

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, ஓடினோம். போத்தலை வெந்நீர்ச் சட்டியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைக் குட்டி ரப்பர் சூப்பியில் மடமடவென்று குடித்தது. மற்றதற்குச் சப்பப் பலமில்லை. டொக்டர் மெல்லிய குழாயை வாய்வழியாக வயிற்றுக்கு இறக்கினார். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகு பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் குட்டியை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் சென்று என் விரலை ஏதோ இழுத்தது. சப்புகிறது! தூக்கிக்கொண்டுபோய்ப் பவுனுவின் முன்னால் விட்டேன். பவுனு முகர்ந்து பார்த்து, தலையிலிருந்து வால்வரை நக்கத் தொடங்கியது. மாலையில் மடி மறுபடி நிறைந்தபோது இரண்டும் தாமாகவே முட்டிக் குடித்தன.

பெரிய சேர் அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்றிருந்தார். கடைசியில் வந்து சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"சீனி கூடிப்போச்சு" என்றார். இன்னொரு துண்டு எடுத்தார்.

பிறகு இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றி நீட்டினார். டொக்டர் நிர்மலா உடனே வாங்கவில்லை. "ஒரு ஆட்டை வச்சு முடிவு சொல்லேலாது சேர்" என்றார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. கிடைக்கிற திறப்பைத் தட்டிவிடுகிறாரே!

பெரிய சேர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "தெரியும். அதுதான் அடுத்த ஆட்டுக்கும் தாறேன்."

மறுநாளிலிருந்து பவுனுவின் தையலைப் பார்க்க அவரே வந்தார். புண்ணுக்கு ஒரு சாண் தள்ளி விரலால் அழுத்தி முகத்தைப் பார்த்தார். தையல் சுத்தமாக ஆறியது. அதன் பிறகு எத்தனையோ தாய் மிருகங்கள் வந்தன. சிலதுக்குப் பால் தாமதமானதும் உண்டு, ஒன்றிரண்டுக்கு ஊசி போட வேண்டியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று பேசித்தான் முடிவெடுத்தார்கள். நான் தலைமாட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதைவிடச் சந்தோஷமான பேச்சு வேறு இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று விடுதியில் தேநீர் விருந்து வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். அப்போது வாசலில் ஏலக்காய் வாசம் வந்தது. பாக்கியம் அக்கா! இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் அதே அலுமினியச் சட்டி. அன்று என் சட்டைக்குள் கிடந்த செம்மண் நிறக் குட்டி வளர்ந்து, அந்த வாரம் ஈன்றிருக்கிறது.

சட்டியைப் பார்த்ததும் பெரிய சேர், டொக்டர் நிர்மலா, நான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தோம்.

"பாக்காதீக அப்படி!" என்றார் அக்கா. "குட்டிக மூணும் வயிறு முட்டக் குடிச்சு, போதும்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்ட பெறகுதான் செம்பையே எடுத்தேன். சாப்புடுங்க!"